தோலும் கட்டையும்

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று நம் வீடுகளிற் சொல்லிக்கொள்வது வழக்கம். ஆயின், ஒரு பக்கத்தில் மட்டும் இடி வாங்கும் மேளமும் உண்டு. பாடசாலை அணிநடையிலே மாணவர் தோளிலிருந்து தொங்கவிட்டு, இரண்டு மெல்லிய குச்சிகளால் முழக்கிச் செல்லும் மேளத்தை நீங்கள் எல்லீரும் கண்டிருப்பீர்கள். சைட் ட்ரம் என்றும் ஸ்நெயர் ட்ரம் என்றும் அதனை அழைப்பர். அடி விழுவது அதன் மேற்றோலில். அதற்கே உரிய படபடக்கும் ஒலி பிறப்பதோ, குச்சியே படாத கீழ்த்தோலில். அத்தகைய பழைய மேளம் ஒன்றைச் செப்பனிடப் புகுந்து நான் கற்றவற்றை இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

சென்ற மார்கழி விடுமுறையில் எங்கள் கல்லூரியின் களஞ்சிய அறையைத் துப்புரவு செய்தோம். உடைந்த வாங்குகள், துருப்பிடித்த குண்டெறி குண்டுகள், கால் முறிந்த கரும்பலகைத் தாங்கி ஆகியவற்றின் பின்னால் ஒரு சாக்கு மூட்டை கிடந்தது. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு சைட் ட்ரம். மேற்றோலை எலி கடித்திருந்தது. வளையங்கள் துருவேறிச் சிவந்திருந்தன. முத்துச் சிப்பியின் நிறத்தில் ஒரு காலம் பளபளத்த மேலுறை பழுத்த பலாச்சுளையின் நிறமாகியிருந்தது. பழைய இரும்பு வாங்குபவர் வாசலில் நின்றார், அதிபரும், "வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், மாசி மாதம் இல்ல விளையாட்டுப் போட்டிக்குமுன் பேசுமானால் நல்லது, இல்லையேல் அடுத்த முறை வண்டியில் ஏற்றிவிடுவோம்" என்றார். எனக்குக் கிடைத்த தவணை ஏழு வாரங்கள்.

செப்பனிடுவதற்குமுன் ஒரு பொருளின் தொழிலை அறிதல் வேண்டும். இம்மேளத்தின் உடல், மெல்லிய பலகைகளை அடுக்கி வளைத்து ஒட்டிய ஒரு மரக்கூடு. அதன் இருவாயிலும் தோல். ஒவ்வொரு தோலும் ஒரு மெல்லிய உள்வளையத்திற் சுற்றப்பட்டிருக்கும். அதன்மேல் தடித்த மேல்வளையம் அமர்ந்து, நீண்ட திருகாணிகளால் கீழ்நோக்கி இழுக்கப்படும். கீழ்த்தோலின் குறுக்கே விலங்கின் குடல்நரம்புகளையோ உலோகக் கம்பிச்சுருள்களையோ இழுத்துக் கட்டியிருப்பர். மேற்றோலில் அடி விழுந்ததும் உள்ளிருக்கும் காற்று கீழ்த்தோலைத் தள்ளுகின்றது. கீழ்த்தோல் கம்பிகளை உதற, அவை மீண்டும் தோலில் மோதிச் சலசலக்கின்றன. அக்கம்பிகளைத் தளர்த்திவிட்டால் அஃது ஒரு சாதாரண மேளமே. பக்கத்து அறையில் யாராவது உரத்துப் பாடினாலும் இறுக்கிய கம்பிகள் தாமாகவே முனகுவதைக் கேட்கலாம். ஒத்ததிர்வு எனப் பௌதிகவியலிற் படிக்கும் மாணவர்க்கு இதனைவிட எளிய சான்று கிடைப்பது அரிது.

பக்கமேளம் எனப் பெயர் வந்த காரணமும் அறியத்தக்கது. ஐரோப்பாவிலே பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளிற் சுவிற்சர்லாந்துக் காலாட்படையினர் குழலோடு பெருமேளங்களையும் முழக்கி நடந்தனர். பேரொலி நிறைந்த போர்க்களத்தில் மனிதக் குரல் எட்டாது. முன்னேறு, நில், திரும்பு என்னும் கட்டளைகளை மேளமே அறிவித்தது. வீரன் மேளத்தைத் தோளில் மாட்டி இடப்பக்கத் தொடையருகே தொங்கவிட்டான். அது சரிந்து தொங்கியமையால், இடக்கைக் குச்சியை உள்ளங்கை மேல்நோக்கப் பிடிக்கவேண்டியதாயிற்று. மேளத்தைச் சமமாக ஒரு தாங்கியில் வைத்து வாசிக்கும் இக்காலத்திலும் பலர் அவ்வாறே பிடிக்கின்றனர். நம்மவர் பலர் இன்று வாழும் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே, ஆண்டுதோறும் நிகழும் களியாட்ட விழாவில் அம்மேள மரபு இன்றும் முழங்குகின்றது.

எங்கள் மேளத்தின் பக்கத்தில் ஒரு சிறு தகடு இருந்தது. துடைத்தபோது பிறீமியர் என்ற பெயர் தெரிந்தது. 1922ஆம் ஆண்டு அல்பேட் டெலா போட்டா என்பவர் இலண்டனில் தொடங்கிய நிறுவனம் அது. இரண்டாம் உலகப் போரிலே, 1940இல், இலண்டன்மீது ஜேர்மனியர் குண்டு பொழிந்தபோது அதன் தொழிற்சாலை அழிந்தது. பின்னர் லெஸ்டர் நகருக்குப் பெயர்ந்து, அங்கே மீண்டும் மேளங்கள் செய்தனர். இடம்பெயர்ந்த ஒரு பட்டறையின் கைவேலை, பின்னர் இடம்பெயரப்போகும் ஓர் ஊருக்கு வந்து சேர்ந்ததே என எண்ணிக்கொண்டேன்.

திருகாணிகளைக் கழற்றி மேற்றோலை எடுத்ததும், மரக்கூட்டின் உட்புறத்திற் பென்சில் எழுத்துகள் தென்பட்டன. ஏழு பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆண்டு. முதலாவது 1961. இறுதியானது 1995. அந்த ஏழாம் பெயருக்குரியவரை நான் அறிவேன். எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். அவ்வாண்டு மாசியில் இம்மேளத்தை முழக்கிக்கொண்டு முன்வரிசையிற் சென்றவர் அவரே. பின்வரிசையில் இல்லக் கொடியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சென்றவன் நான். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் மழைக்கிடையே வலிகாமத்து மக்கள் எல்லோரும் தென்மராட்சி நோக்கி நடந்தோம். மறு ஆண்டு திரும்பி வந்து கல்லூரியிற் சேர்ந்தபோது அவர் வரவில்லை. வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்வோர் உண்டு. வேறு சொல்வோரும் உண்டு. அந்தப் பெயரைக் கண்டபின், பழைய இரும்பு வண்டியைப் பற்றிய பேச்சு என்னளவில் முடிந்துபோயிற்று.

இனி வேலையைச் சொல்லுகின்றேன். முதற்கண் ஆணிகளையும் பிடிகளையும் கழற்றும்போதே எண்ணிட்டு, கழற்றிய ஒழுங்கில் ஒரு பலகையில் வைத்தல் வேண்டும். பல ஆண்டுகள் ஒன்றாய் உராய்ந்து பழகிய ஆணியும் மரையும் தத்தம் இணையோடுதான் நன்கு பொருந்தும். துருப்பிடித்த ஆணிகளை இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பற்றூரிகையால் தேய்த்து, துணியால் துடைத்தபின், தையல் இயந்திரத்துக்கு இடும் எண்ணெயில் ஒரு துளி இட்டோம். பன்னிரண்டு ஆணிகளிற் பதினொன்று உயிர்பெற்றன. ஒன்றைப் புதிதாகக் கடைந்து வாங்கவேண்டியதாயிற்று.

வளையத்திலே நான் ஒரு பிழை செய்தேன். அவசரத்தில் முரட்டு அரத்தாளை எடுத்து ஒரு சாண் நீளம் தேய்த்துவிட்டேன். துரு போயிற்று; அதனோடு குரோமியப் பூச்சும் போயிற்று. அந்தத் தழும்பு இன்றும் இருக்கின்றது. பின்னரே எளிய வழியை அறிந்தேன். சமையலறையிற் பயன்படும் அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் நனைத்து மெல்லத் தேய்த்தாற் போதும். அலுமினியம் குரோமியத்தினும் மென்மையானது. ஆதலாற் பூச்சைக் கீறாது, துருவை மட்டும் தூக்கிவிடும். வீட்டிலுள்ள பழைய துவிச்சக்கர வண்டியின் கைபிடியிலும் இதனைச் செய்துபார்க்கலாம்.

மேலுறையைப் பொறுத்தமட்டில் மிக்க எச்சரிக்கை வேண்டும். பழைய முத்துநிற உறைகள் பலவும் செலுலோயிட் என்னும் பொருளால் ஆனவை. அது தீயைக் கண்டதும் பற்றும். அசற்றோன், தின்னர் போன்றவை பட்டாற் கரைந்து இளகும். இளஞ்சூட்டு நீரிற் சிறிது சவர்க்காரம் கலந்து, துணியைப் பிழிந்து துடைத்ததே நாங்கள் செய்தது. அழுக்குப் போயிற்று, மஞ்சள் நிறம் போகவில்லை. வயதினால் வந்த நிறத்தை அழுக்கென்று எண்ணித் துரத்தலாகாது.

அடுத்து மரக்கூட்டின் விளிம்பு. தோல் அமர்வது அவ்விளிம்பின்மேலாதலின், அது சமமாய் இராவிடில் எவ்வளவு நல்ல தோலும் பேசாது. பௌதிகவியல் ஆய்வுகூடத்திலிருந்து ஒரு தடித்த கண்ணாடித் தட்டை எடுத்து, அதன்மேல் மரக்கூட்டைக் கவிழ்த்து, உள்ளே ஒரு மின்சூளை எரியவிட்டு, அறையை இருட்டாக்கினோம். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் பள்ளம். கீழ்விளிம்பில் எதிரெதிரே இரண்டிடங்களில் வெளிச்சம் தெரிந்தது. உதவிக்கு நின்ற உயர்தர வகுப்பு மாணவன் அவற்றை அரத்தாளாற் சமப்படுத்த முனைந்தான், நல்லவேளையாகத் தடுத்தேன். அவை தேய்வினால் வந்த பள்ளங்கள் அல்ல. கம்பிகள் தோலோடு ஒட்டிக் கிடப்பதற்காகச் செய்தவனே செதுக்கிய தாழ்வுகள். குறை என்று நாம் காண்பது சிலவேளை கைவினைஞனின் கருத்தாகவும் இருக்கலாம். கருவியைத் திருத்துவோர் கையில் அரத்தாளை எடுக்குமுன் ஒரு நாழிகை சிந்தித்தல் நன்று.

கீழ்த்தோல் குச்சி படாதது. ஆதலால் முழுமையாகவே இருந்தது. தேவை ஒரு மேற்றோல் மட்டுமே. முன்னாளில் இம்மேளங்களுக்குக் கன்றின் தோலே இடுவர். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலே மைலார் என்னும் செயற்கைப் படலத்தாற் செய்த தோல்கள் வந்தன. 1957இல் றெமோ பெலி என்பவர் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் அவற்றை உலகெங்கும் பரப்பிற்று. மழைக்குத் தளராது, வெயிலுக்கு வெடிக்காது, எலியும் தொடாது. நாங்களும் கொழும்பிலிருந்து 14 அங்குல அளவுள்ள செயற்கைத் தோல் ஒன்றை வருவித்தோம். போட்டிக்கு மூன்று வாரங்கள் இருந்தன.

அது மேளத்திற் புகவில்லை. அரை விரற்கடை உள்ளே இறங்கி இறுகி நின்றுவிட்டது. பிரித்தானியாவில் அக்காலத்திற் செய்த மேளங்கள் பலவற்றின் கூடு, இன்றைய பொது அளவிலும் ஒரு சிறிது பெரிது. 14 அங்குலம் என்று இரண்டும் சொல்லிக்கொண்டாலும் இரண்டும் ஒன்றல்ல. அளந்து பாராமல் வாங்கிய பிழை என்னுடையது.

தச்சுப் பட்டறை ஒன்றிற் காட்டினேன். அங்கிருந்தவர் வல்லவர், சொன்ன வழியும் எளியது. பழைய உறையை உரித்துவிட்டு, மரக்கூட்டை வெளியே சிறிது சீவி, உள்ளேயும் அரத்தாளிட்டு வார்னிஷ் பூசினால் புதிய தோல் பொருந்தும், மேளமும் கடையில் வாங்கியதுபோல் இருக்கும், இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்றார். நாள் குறுகிக்கொண்டிருந்தது. மாணவரும் ஆசையோடு என் முகத்தைப் பார்த்தனர். உள்ளே அரத்தாள் என்ற சொல்தான் என்னைத் தடுத்தது. ஒரு நாள் தவணை கேட்டுக்கொண்டு மேளத்தைத் திருப்பி எடுத்துவந்தேன்.

அன்று மாலை, தவிலுக்குப் பேர்போன இணுவிற் பக்கத்திலே, தவில்களுக்குத் தோலிடும் முதியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் மேளத்தை மடியிற் கவிழ்த்துவைத்து, எலி கடித்த பழைய தோலின் துண்டொன்றை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார்.

"மாஸ்ரர், இது வெள்ளைக்காரன் போட்ட தோல் இல்லை. இது எங்கடை ஊர் ஆட்டுத்தோல்" என்றார்.

நான் வியந்தேன். சிறிது சிந்தித்தபின் விளங்கிற்று. 1990இன் பின்னர் யாழ்ப்பாணத்துக்குப் பொருள்கள் வராத காலம். சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நாட்களில், மேளத்தோலுக்கு யார் எங்கே போவது? 1995இல் அந்த மாணவர் இதேபோல் ஒரு தவிற் பட்டறைக்கே இதனைச் சுமந்து வந்திருக்கவேண்டும்.

"ஐயா, இந்தப் புதுத்தோலுக்கு ஏற்றதாகக் கூட்டைச் சீவலாம் என்கிறார்களே?" எனக் கேட்டேன்.

அவர் தலையை அசைத்தார். "தோலை எத்தினைதரமும் மாத்தலாம், மாஸ்ரர். கட்டையிலை கை வைக்கப்படாது."

தவிலின் உடலைக் கட்டை என்பர். பலாமரத்தைக் குடைந்து செய்வது. வலந்தலை, தொப்பி ஆகிய இருபக்கத்துத் தோல்களும் வாசிக்க வாசிக்கத் தேயும், கிழியும்; மாற்றிக்கொண்டே இருப்பர். கட்டை மட்டும் தகப்பனிடமிருந்து மகனுக்குச் செல்லும். தேய்வதற்கென்றே உள்ள பகுதி எது, தாங்குவதற்கென்று உள்ள பகுதி எது என்ற வேறுபாடு அவருக்குக் கைப்பழக்கத்தில் வந்த அறிவு. நானோ அதனைப் பல வாரம் கழித்து அறிந்தேன்.

வீடு திரும்பும் வழியில் இன்னொன்றும் விளங்கிற்று. மேளம் பூட்டியிருக்கும்போது உட்புறத்தில் யாரும் எழுத இயலாது. தோல் கழற்றிய வேளையிலேதான் எழுதலாம். ஆகவே அந்த ஏழு பெயர்களும், நான் எண்ணியதுபோல, மேளம் அடித்தவர்களின் பட்டியல் அன்று. தோல் மாற்றியவர்களின் பட்டியல். முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஏழு தோல்கள் மாறியுள்ளன, மரக்கூடு ஒன்றே.

தோலிட்ட முறையை மாணவரும் கூடவிருந்து கற்றனர். பழைய உள்வளையத்தை நீரில் ஊறவைத்துக் கிழிந்த தோலைக் களைந்தோம். அவ்வளையம் அம்மேளத்துக்கென்றே பிறந்ததாதலின் அளவுத் தொல்லை அத்தோடு தீர்ந்தது. மெல்லிய ஆட்டுத்தோலைச் சில மணி நேரம் நீரில் இட, அது நனைந்த துணிபோல் இளகிற்று. அதனை மேசையில் விரித்து, வளையத்தை நடுவில் வைத்து, ஓரத்தை மேலே மடித்து, வளையத்துக்கும் தோலுக்கும் இடையே ஒரு கரண்டிக் காம்பினாற் சுற்றிவரச் செருகினார் முதியவர். ஈரத்தோடேயே மேளத்தில் ஏற்றி, மேல்வளையத்தை வைத்து, ஆணிகளை விரலால் மட்டும் முடுக்கினோம். பின்னர் இரண்டு நாள் நிழலில் உலர்ந்தது. வெயிலில் வைத்தால் ஒருபுறம் முந்தி உலர்ந்து இழுத்துக்கொள்ளும்; அவசரக்காரருக்கு இவ்வேலை ஆகாது.

மூடுவதற்குமுன் மாணவன் ஒருவன், "சேர், உள்ளே எழுதலாமா?" எனக் கேட்டான். அவனே கூட்டைச் சீவவேண்டாம் என்றவுடன் முகம் வாடியவன். என் சட்டைப்பையிலிருந்த பென்சிலைக் கொடுத்தேன்.

சுருதி கூட்டுவதற்கும் முறை உண்டு. ஓர் ஆணியைத் திருகியபின் அதன் பக்கத்து ஆணிக்குச் செல்லாமல் நேரெதிரே உள்ளதற்குச் செல்லவேண்டும். ஒவ்வொரு முறையும் அரைச் சுற்றுக்கு மேலாகாது. பின்னர் ஒவ்வோர் ஆணியின் அருகிலும், விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, குச்சியால் மெதுவாகத் தட்டிக் கேட்டு, எல்லா இடத்திலும் ஒரே ஒலி வரும்வரை திருத்தல் வேண்டும். கம்பிகளை இறுதியிலேதான் இறுக்குதல். மிகையாக இறுக்கினாற் கம்பிகள் மூச்சடைத்துப்போகும். தளர்ந்தால் வெறும் சலசலப்பே மிஞ்சும்.

இல்ல விளையாட்டுப் போட்டியன்று காலையில் கடும் பனி. தோல் நனைந்த பப்படம்போல் தொய்ந்து கிடந்தது. மற்றைய செயற்கைத் தோல் மேளங்கள் கணீரென்று முழங்க, எங்களுடையது மட்டும் தொண்டை கட்டியவன்போல் முனகிற்று. மாணவர் ஆணிகளை ஒரு சுற்று முடுக்கினர். அணிநடை தொடங்கும்போது வெயில் ஏறியது. மேளமும் பேசத் தொடங்கிற்று. அதன் ஒலி மற்றவற்றைப்போல் கூர்மையானதன்று. சிறிது தடித்தது, சூடானது. மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்த பழைய மாணவர் ஒருவர், எந்த மேளம் அது என்று எட்டி எட்டிப் பார்த்தார். அணிநடை முடிந்ததும் அந்த மாணவன் யாரும் சொல்லாமலே ஒரு மூலையில் அமர்ந்து ஆணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டிருந்தான். பனியில் தளர்ந்ததென்று முடுக்கிய தோலை அப்படியே விட்டால், உச்சி வெயிலில் உலர்ந்து தானே வெடித்துவிடும். முதியவர் சொன்னதை அவன் மறக்கவில்லை.

மழைக்காலத்துக்கும் மாணவர் கைக்கும் செயற்கைத் தோலே வசதியானது என்பதை நான் மறுக்கமாட்டேன். புதிய மேளம் வாங்குவோர் அதனையே வாங்குக. பழையது என்ற ஒரே காரணத்துக்காக எதனையும் கட்டிக்காக்க வேண்டும் என்பதும் என் கட்சியன்று. தேய்ந்ததை மாற்றத்தான் வேண்டும். புதிய தோலுக்காகப் பழைய கட்டையைச் சீவுமுன் மட்டும் ஒருமுறை உள்ளே பார்த்தல் நன்று.

மேளத்தைப் பூட்டுமுன், உள்ளிருந்த பெயர்களைப் படமெடுத்து எங்கள் பழைய மாணவர் சங்கத்தினரிடம் கொடுத்திருந்தேன். அவர்கள் அதனை வெளிநாட்டுக் கிளைகளுக்கும் அனுப்பினர். இருவரிடமிருந்து மறுமொழி வந்துள்ளது. அவர்களுள் ஒருவர், 1961ஆம் ஆண்டுக்குரியவர், நடுங்கும் எழுத்தில் ஒரு முழுப்பக்கக் கடிதம் எழுதியிருக்கின்றார். ஏழாம் பெயரிலிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லை. மேளம் இப்பொழுது களஞ்சிய அறையில் இல்லை. சங்கீத அறையின் அலுமாரியில், எலி எட்டாத மேற்றட்டில், ஆணிகள் தளர்த்தப்பட்டு இருக்கின்றது.